கவர் அண்ணாச்சி திருத்திய கணிப்பொறி

இக்குறிப்பை எழுதி வைத்தே ஆகவேண்டும் என்ற எண்ணம் எனக்கு ஒரு திருமணப் பந்தியில் தோன்றியது. சென்ற மாதம் செம்பூரில் நடந்த அத்திருமணத்தில் என் அடுத்த இலையில் அமர்ந்திருந்த இளைஞர் ஒருவர், தாராவியில் எங்கள் தமிழ்ப் பள்ளிக்கு முதன்முதலாக வந்த கணிப்பொறியைப் பை தைப்பவர் ஒருவர் கெடுத்துத் தொலைத்தார் என்று, பாயசத்துக்கும் மோருக்கும் இடைப்பட்ட நேரத்தில் சொல்லிச் சிரித்தார். அவர் பிறப்பதற்கு முன் நடந்த நிகழ்ச்சி அது. நான் மோர் வேண்டாமென்று கையசைத்துவிட்டு எழுந்தேன். அந்த மனிதர் கணிப்பொறியைக் கெடுக்கவில்லை, திருத்தினார். இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை நேரில் கண்டவர்கள் இன்று சிலரே இருக்கிறோம். அவர்களுள் எழுதும் வழக்கம் உடையவன் நான் ஒருவன்.

தூசிக்கு அஞ்சி வாழ்ந்தவர்கள் உலகில் பலர் உண்டு. தூசி யாருக்கு அஞ்சி வாழ்ந்ததோ, அத்தகையவர் ஒருவரே. அவரைத் தாராவி முழுவதும் கவர் அண்ணாச்சி என்று அழைத்தது. உறை அண்ணாச்சி என்று சொல்வதே தமிழுக்கு முறை. நானும் சில நாள் அவ்வாறு அழைத்துப் பார்த்தேன். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. ஆகவே இங்கும் ஊர் வைத்த பெயரையே கொள்கிறேன்.

நெல்லைச் சீமையிலிருந்து இளமையிலேயே பம்பாய்க்கு வந்து, ரெக்சின் துணியில் பை தைக்கும் பட்டறை ஒன்றை நடத்தி வந்தார் அண்ணாச்சி. பை தைத்தது வயிற்றுக்கு. உறை தைத்தது உயிருக்கு. வெட்டியது போக மிஞ்சிய துண்டு ஒன்றைக் கண்டுவிட்டால் அவர் கை சும்மா இராது. வானொலிக்கு உறை உண்டு. குடைக்கு உறை உண்டு. அவ்வுறை அழுக்காகாமல் இருக்க அதற்கும் ஓர் உறை உண்டு. மின்விசிறியின் இறக்கை ஒவ்வொன்றுக்கும் குளிர்காலத்தில் தனித்தனியே சட்டை மாட்டினார். தொலைக்காட்சிப் பெட்டிக்குத் தைத்த உறையில் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் சாளரம் ஒன்றை வைத்திருந்தார். உறையைக் கழற்றாமலே ஞாயிற்றுக்கிழமைப் படத்தைப் பார்த்துவிடலாம். என்ன, எல்லா நடிகர்களும் எல்லாக் காட்சிகளிலும் மழையில் நனைவது போலவே தோன்றுவார்கள். ஒருமுறை பால்காரர் அயர்ந்திருந்த வேளையில் அவருடைய மிதிவண்டி மணிக்கு அழகானதோர் உறை தைத்து மாட்டிவிட்டார். அன்று முதல் அப்பால்காரர் வாயால் மணியடித்துக்கொண்டு வந்தார்.

அண்ணாச்சியின் மனைவியார் செல்லக்கனி ஒருநாள் என்னிடம் முறையிட்டார்.

“வீட்டுல எல்லாத்துக்கும் கவரு போட்டாச்சு வாத்தியாரையா. எம் வாய்க்குத்தான் இன்னும் அளவெடுக்கல.”

அண்ணாச்சி தையலிலிருந்து தலை நிமிராமல் சொன்னார்: “அதுக்கு ரெக்சின் தாங்காதுட்டி.”

எண்பதுகளின் நடுப்பகுதி அது. கணிப்பொறி என்பது வங்கி ஊழியர்கள் திரண்டு முழக்கமிடும் வாயில்களில் மட்டும் கேட்கக் கிடைத்த சொல். அந்நாளில் அறக்கட்டளை ஒன்று, நகரத்துப் பள்ளிகள் சிலவற்றுக்கு ஒரு கல்வியாண்டுக் காலத்துக்குக் கணிப்பொறி ஒவ்வொன்றை இரவலாகத் தர முன்வந்தது. நிபந்தனை எளியது. ஆண்டின் இறுதியில் ஓர் அலுவலர் வந்து பார்ப்பார். தொடக்க வகுப்புக் குழந்தைகள் பிறர் துணையின்றித் தாமே அதனை இயக்கினால், அது பள்ளிக்கே உரியதாகும். இல்லையேல் வண்டியேறி வேறு பள்ளிக்குப் போய்விடும்.

அந்த ஆண்டு எங்களுக்கு அது வெறும் இயந்திரமன்று. பெற்றோர் பலர் தம் பிள்ளைகளை ஆங்கிலப் பள்ளிகளுக்கு மாற்றத் துடித்துக்கொண்டிருந்தனர். தமிழ்ப் பள்ளியிலும் கணிப்பொறி வருகிறதாம் என்ற செய்தி ஒன்றே அவர்களை வாயிற்படியில் தடுத்து நிறுத்தியிருந்தது. கணிப்பொறி போனால் நான்காம் வகுப்பு போகும். நான்காம் வகுப்பு போனால் ஏனையவையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கதவடைக்கும். தலைமையாசிரியை இதனை எங்களிடம் எடுத்துரைத்தபோது ஆசிரியர் அறையில் தேநீர்க் கோப்பை ஒன்றுகூட ஓசையெழுப்பவில்லை.

அறிவியல் ஆசிரியர் ஓய்வுபெறும் தறுவாயில் இருந்தார். ஆகவே இலக்கணம் நடத்திக்கொண்டிருந்த என்னைப் பொறுப்பாசிரியராக்கிச் செம்பூரில் நடந்த பயிற்சிக்கு அனுப்பினர். குளிரூட்டப்பட்ட கூடத்தில் நிகழ்ந்த பயிற்சி. சான்றிதழோடும் நீர்க்கோவையோடும் திரும்பி வந்தேன்.

கணிப்பொறி ஒரு டெம்போ வண்டியில் வந்தது. விசைப்பலகை ஒன்று, திரையாகப் பயன்படத் தொலைக்காட்சிப் பெட்டி ஒன்று, கட்டளைகளை ஊட்டுவதற்கு ஒலிநாடாக் கருவி ஒன்று. பெற்றோர் குழுவின் தலைவர் என்ற முறையில் அண்ணாச்சி வண்டியின் பக்கவாட்டில் நடந்தே வந்தார். “அரே பாயி, ஆஸ்தே, ஆஸ்தே” என்று மெல்லப் போகும்படி ஓட்டுநரைக் கெஞ்சினார். மழைக்காலத்துக் குழிகளில் டெம்போ குலுங்கிய போதெல்லாம் தம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். அந்தக் குலுக்கலை வாசகர்கள் தயைகூர்ந்து நினைவில் வைத்திருக்க வேண்டும்.

இயந்திரம் மேசைமீது இறங்குமுன் அண்ணாச்சியின் அளவுநாடா இறங்கிவிட்டது. ஒரு வாரத்துக்குள் திரைக்கு உறை, விசைப்பலகைக்கு உறை, ஒலிநாடாக் கருவிக்கு உறை, மின்செருகிக்கு உறை, சுவரில் இருந்த மின்விசைக்கு உறை, கணிப்பொறியோடு உறவு கொண்ட குற்றத்துக்காக முக்காலிக்கும் ஓர் உறை. ஒவ்வோர் உறைக்கும் கட்டுவதற்கு நாடாக்கள். அறையின் சாவியும் அவரிடமே இருந்தது. அதற்கும் உறை உண்டென்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

பிறகு சட்டங்கள் பிறந்தன. குழந்தைகள் செருப்பைக் கழற்ற வேண்டும். கால் கழுவ வேண்டும். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு வரிசையாக வர வேண்டும். தரையில் போட்ட சுண்ணாம்புக் கோட்டுக்கு அப்பால் நின்று கண்டு களிக்க வேண்டும். தீபாராதனை ஒன்றுதான் குறை. மற்றவர்களுக்கு ஆயுத பூசை ஆண்டில் ஒருநாள். அன்று கருவிகளைத் தொடலாகாது. அண்ணாச்சியின் ஆளுகையில் எங்கள் கணிப்பொறிக்கு நாள்தோறும் ஆயுத பூசை.

உறைகளை அவிழ்க்க ஒரு பாடவேளை பிடித்தது. திரும்பக் கட்ட மற்றொன்று. ஒருநாள் பள்ளி வாயிலில் தந்தை ஒருவர் தம் மகனை விசாரித்தது என் காதில் விழுந்தது.

“என்னல, கம்பூட்டர்ல என்ன படிச்ச?”

“நாடா அவுக்கப் படிச்சேம்ப்பா.”

“நாளைக்கி?”

“நாளைக்கிக் கெட்டப் படிப்போம்.”

அத்தந்தை மனநிறைவோடு தலையசைத்தார். “படிப்புன்னா இப்பிடித்தான், ஒண்ணொண்ணா வரணும்.”

அண்ணாச்சி ஒருவரையே குறை கூறுவது நேர்மையாகாது. திரையைப் பார்த்தால் பிள்ளைகளின் கண் பூத்துவிடும் என்று பெற்றோரில் ஒரு சாரார் அஞ்சினர். தொட்டால் மின்சாரம் தாக்கும் என்று மறுசாரார் அஞ்சினர். ஏதேனும் பழுதுபட்டால் மேலிடத்துக்கு என்ன விடை சொல்வது என்று தலைமையாசிரியை அஞ்சினார். கணக்காசிரியர் மர அளவுகோலின் நுனியால் மட்டுமே விசைகளைத் தொட்டார், அதுவும் முகத்தைச் சற்றுத் திருப்பிக்கொண்டு. அஞ்சாதவர்கள் குழந்தைகள் மட்டுமே. அவர்களுக்கோ கைகள் பின்னால் கட்டப்பட்டிருந்தன.

நான் அண்ணாச்சியிடம் வாதாடிப் பார்த்தேன்.

“குழந்தைகள் தொட்டாலன்றி எவ்வாறு கற்பார்கள், அண்ணாச்சி?”

“தொட்டாத் தேஞ்சிரும் வாத்தியாரையா.”

“தேயாது.”

“ஸ்டேசன் படிக்கட்டு கல்லு. அதே தேஞ்சு கெடக்கு. இது வெறும் பிளாஸ்டிக்கு.”

அவருடைய மகள் பேச்சி எங்கள் நான்காம் வகுப்பில்தான் படித்தாள். தந்தையின் விரல், தாயின் வாய். அவளும் தன் பங்குக்கு முயன்றாள்.

“எப்பா, சைக்கிளு பழகணும்னா அதக் கவருக்குள்ள வெச்சிப் பழக முடியுமா?”

“கவருக்குள்ள இருக்குத சைக்கிளு துருப்பிடிக்காதுட்டி” என்றார் அண்ணாச்சி. அவரிடம் வாதில் வென்றவர் எவருமிலர். அவர் வேறொரு வாதத்தை நடத்திக்கொண்டிருப்பார்.

இவ்வாறு மழை போயிற்று, தீபாவளி போயிற்று, குளிரும் வந்தது. அறக்கட்டளையின் அலுவலர் பொங்கல் கழிந்து வருவதாகச் செய்தி வந்தது. குழந்தை ஒவ்வொன்றும் தன் பெயரை ஆங்கில எழுத்தில் தானே அடித்துக் காட்டினால் போதுமாம். நாடா அவிழ்ப்பதில் எங்கள் குழந்தைகள் உலகத்தரம் எய்தியிருந்தனர். விசைகளைத் தொட்டவர் ஒருவருமில்லை.

அண்ணாச்சி இரண்டொரு நாள் சோறு தண்ணீர் இல்லாமல் திரிந்ததாகச் செல்லக்கனி அம்மையார் சொன்னார். பின்பு ஒருநாள் பழுப்புத் தாளொன்றோடு பள்ளிக்கு வந்து, விசைப்பலகையின் உறையைத் தம் கையாலேயே கழற்றி, அதன் நீள அகலங்களைத் தாளில் வரைந்துகொண்டார்.

“பிள்ளையள் தொடணும். அம்புட்டுத்தான?” என்றார். “தொடட்டும். ஆனா இத இல்ல. நான் தச்சித் தாரேன், ஆளுக்கு ஒண்ணு.”

ரெக்சினில் விசைப்பலகை. கறுப்புத் துணி, ஒவ்வொரு கட்டத்துக்கும் உள்ளே சிறிது பஞ்சு, மேலே வெள்ளை நூலில் ஓர் எழுத்து. அழுத்தினால் அமிழ்ந்து எழும். நான் உண்மையாகவே மகிழ்ந்தேன். மகிழ்ந்த கையோடு எனக்குக் காமாலை கண்டது. கல்யாணில் இருந்த என் தம்பி வீட்டுக்குச் சென்று, கீழாநெல்லியும் மோருமாகப் பல வாரங்கள் படுத்துவிட்டேன்.

அலுவலர் வருவதற்கு முந்திய நாள்தான் என்னால் எழுந்து வர முடிந்தது. தாராவிச் சந்துகளுக்குள் நுழைந்தபோது நான் கண்ட காட்சியை எவ்வளவு எழுதினாலும் தகும். படிகளிலும் பீப்பாய்களின் மேலும் தண்ணீர்க் குழாயடி வரிசையிலும், எங்கு நோக்கினும் மடிமேல் ரெக்சினை விரித்துக்கொண்டு எங்கள் குழந்தைகள். பத்து விரலும் பறந்தன. தந்தையர் பட்டறை விட்டு வந்து குளிக்காமலே எதிரில் அமர்ந்து எழுத்துகளைக் கூவினர். செல்லக்கனி அம்மையார் பைகளின் பிசிர் நூலைக் கத்தரித்தபடியே மகளைச் சோதித்துக்கொண்டிருந்தார்.

“ஏட்டி, எம்மு.”

“இந்தா.”

“டபிள்யூ.”

“இந்தா.”

“பாக்காம அமுக்குட்டி. கண்ண மூடு. ஆர் எங்க?”

“இந்தா.”

என்னைக் கண்டதும் அம்மையார் முகம் மலர்ந்தார். “உடம்பு தேவலையா வாத்தியாரையா? இவளுக்குச் சொல்லிக் குடுக்கப் போயி இங்கிலீசு எழுத்தெல்லாம் எனக்கே வந்திருச்சு. இனிமே ரேசன் கடைக்காரன் என்ன ஏமாத்த முடியாது.”

கண்களில் நீர் வர, குனிந்து அந்த ரெக்சினைப் பார்த்தேன். மேல் வரிசையில் முதற்கட்டம் ஏ. அடுத்து பி. அடுத்து சி. அவ்வாறே வரிசை தப்பாமல் சென்று, கீழ்க்கோடியில் இசட்டில் முடிந்தது. எனக்கு மீண்டும் எல்லாம் மஞ்சளாகத் தெரிந்தது.

அண்ணாச்சி பட்டறையில் இருந்தார்.

“அண்ணாச்சி, இயந்திரத்தில் எழுத்துகள் இந்த வரிசையில் இல்லையே.”

“இல்லதான். பாத்தேன்.”

“பார்த்துமா மாற்றித் தைத்தீர்கள்?”

அவர் எழுந்து எனக்கு முக்காலியை நகர்த்திப் போட்டார். “நான் அஞ்சாப்பு வாத்தியாரையா. எனக்கே தெரியுது, ஏ-க்குப் பொறவு பி-ன்னு. அங்க ஏ-க்குப் பக்கத்துல எஸ் நிக்கி. கடேசியா வார எழுத்து கீழ மொத ஆளா நிக்கி. அன்னைக்கி டெம்போவுல குலுங்குனதுல எல்லாம் எடம் மாறிக் கெடக்கு. எனக்கு அப்பவே நெஞ்சுக்குள்ள பட்டுது. பிள்ளையளுக்குத் தப்பாச் சொல்லிக் குடுக்கப்படாதுல்லா? அதான் ஒழுங்கு பண்ணித் தச்சிட்டேன்.”

“உலகமெங்கும் அதே வரிசைதான், அண்ணாச்சி. தட்டச்சுப் பொறியிலும் அப்படித்தான்.”

“டைப்ரைட்டரும் டெம்போவுலதான வருது.”

நான் டெம்போவை அத்தோடு விட்டேன். ஆனால் மறுநாள் நிகழப்போவதைச் சொன்னேன். குழந்தைகள் தேடும் இடத்தில் எழுத்து இராது; விரல் ஒன்றை நினைக்கும், திரை வேறொன்றைக் காட்டும்; அலுவலர் எழுந்து போய்விடுவார் என்றேன். அண்ணாச்சியின் முகத்திலிருந்த தெளிவு மெல்ல வடிந்தது.

“அப்பம் பள்ளிக்கூடம்?”

“தெரியவில்லை.”

அவர் கையிலிருந்த ரெக்சின் துண்டை நான்காக மடித்தார், பிரித்தார், மீண்டும் மடித்தார். உறை ஒன்று தைத்துக் காக்க முடியாத பொருளை அவர் அன்றுதான் முதன்முதலாகக் கண்டார் என்று நினைக்கிறேன்.

மறுநாட் காலை நான் பள்ளியை அடைந்தபோது அண்ணாச்சி எனக்கு முன்பே வந்து, குளித்துத் திருநீறு பூசி, வாயிலில் நின்று முறுவலித்தார்.

“கவலைய விடுங்க வாத்தியாரையா. வெடியக்காலையிலயே வந்து எல்லாத்தையும் சரி பண்ணிட்டேன்.”

அறையைத் துப்புரவு செய்ததைச் சொல்கிறார் என்று எண்ணிக்கொண்டேன்.

அலுவலர் மாட்டுங்காவில் பலகாலம் வாழ்ந்த தமிழ்க் குடும்பத்தைச் சேர்ந்த அம்மையார். கண்ணாடி அணிந்தவர், குறைவாகப் பேசுபவர். பெற்றோர் அனைவரும் சாளரங்களை அடைத்துக்கொண்டு நின்றனர். அம்மையார் செருப்பைக் கழற்றினார். கால் கழுவச் சொன்னபோது சற்று வியந்தார், ஆயினும் கழுவினார். பிறகு உறைகள் அவிழ்க்கப்படுவதைப் பார்த்தபடி அமர்ந்திருந்தார். நெடுநேரம் அமர்ந்திருந்தார்.

“இன்னும் எவ்வளவு இருக்கு?”

“ஆச்சும்மா, பிளக்கு மட்டுந்தான்” என்றார் அண்ணாச்சி.

“சாலு பண்ணுங்க” என்று சாளரத்திலிருந்து ஒருவர் குரல் கொடுத்தார். மின்விசையைத் தட்டியதும் திரை ஒளிர்ந்தது. அம்மையார் பேச்சியை அழைத்தார்.

“உன் பேரை அடி பாப்போம். மத்தவாள்லாம் கொஞ்சம் தள்ளி நில்லுங்கோ.”

பேச்சி முக்காலியில் ஏறி அமர்ந்தாள். பட்டறைத் தையற்பொறி ஓடுவதுபோல விரல்கள் ஓடின. பி, ஈ, சி, எச், ஐ. நிமிர்ந்து பார்த்தாள். திரையில் எச், டி, ஈ, ஐ, ஓ என்று இருந்தது.

நான் எட்டி விசைகளைப் பார்த்தேன். ஏ, பி, சி என்று ரெக்சினில் இருந்த அதே வரிசையில், பளபளவென்று துடைக்கப்பட்டு நின்றன. அண்ணாச்சி விடியற்காலையில் வந்து, கோணூசியால் விசைகளின் மேல்மூடிகளை ஒவ்வொன்றாக நெம்பி எடுத்து, டெம்போ செய்த பிழையைத் திருத்திவிட்டார். மூடிகள் இடம் மாறின. உள்ளே இருந்த இயந்திரத்துக்கு அச்செய்தி தெரியாது.

தலைமையாசிரியை கண்களை மூடிக்கொண்டார். சாளரத்தில் ஒரு தந்தை, “போச்சு. பந்த் பண்ணிருங்க, வெடிச்சிரப் போவுது” என்றார். அண்ணாச்சி அருகிலிருந்த உறையை எடுத்துக்கொண்டு முன்னே வந்தார். “ஏட்டி, கையெடு.”

பேச்சி கையை எடுக்கவில்லை. அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தன் பெயரின் முதலெழுத்தான பி விசையை மட்டும் மறுபடி அழுத்தினாள். எச் வந்தது. மறுபடி அழுத்தினாள். மறுபடி எச்.

“இது பொய் சொல்லுது” என்றாள். “ஆனா ஒரே பொய்யத்தான் சொல்லுது.”

அம்மையார் நாற்காலியில் முன்னால் நகர்ந்தார்.

“இருங்க டீச்சர். சி-ய அமுக்குனா ஈ வந்துச்சு. அப்பம் ஈ அங்க இருக்கு. பி-ய அமுக்குனா எச் வந்துச்சு. எச்ச அமுக்குனா ஐ வந்துச்சு. எனக்கு மூணு கெடச்சிருச்சு. பி-யும் சி-யும் எங்கயோ ஒளிஞ்சிருக்கு.”

அவ்வளவுதான். சுண்ணாம்புக் கோட்டுக்கு அப்பால் நின்ற நான்காம் வகுப்பு, கோட்டைத் தாண்டிவிட்டது. “ஏ பேச்சி, அந்த ஓரத்துல இருக்கத அமுக்கு.” “அது இல்லல, மேல, மேல.” “நான் அமுக்குதேன், தள்ளுட்டி.” தலைகள் மொய்த்ததில் திரை எங்களுக்குத் தெரியவில்லை. அவர்கள் அழுத்தினார்கள்; பார்த்தார்கள்; தவறென்றால் சிரித்தார்கள்; வேறொன்றை அழுத்தினார்கள். ஜே என்று எழுதியிருந்த விசையிலிருந்து பி வெளிப்பட்டபோது எழுந்த கூச்சல் தாராவி நெடுஞ்சாலைவரை கேட்டிருக்கும். வி-யிலிருந்து சி வந்தது. பேச்சி எல்லாரையும் முழங்கையால் ஒதுக்கிவிட்டு, ஜே, சி, வி, பி, எச் என்று வரிசையாக அழுத்தினாள்.

திரையில் அவள் பெயர் நின்றது, ஓர் எழுத்தும் பிசகாமல்.

அம்மையார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “யார் இதை இப்படி மாத்தி வெச்சது?”

அண்ணாச்சி உறையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார்.

“நாந்தாம்மா. டெம்போவுல குலுங்கி மாறிப்போச்சின்னு நெனச்சேன். பிள்ளையள் மேல தப்பில்ல. பொட்டி மேலயும் தப்பில்ல. எடுத்துட்டுப் போயிராதிய.”

அம்மையார் கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார். பிறகு, “திருப்பிச் சரியா வெக்கத் தெரியுமா?” என்று கேட்டார்.

அண்ணாச்சி மடியிலிருந்து கோணூசியை உருவிக்கொண்டு ஓரடி வைத்தார். பேச்சி முக்காலியிலேயே திரும்பி உட்கார்ந்தாள்.

“எப்பா, தொடாதிய. ஊசிய இங்க குடுத்துட்டு, கையப் பின்னால கெட்டிக்கிட்டுக் கோட்டுக்கு அந்தப் பக்கம் நில்லுங்க.”

அண்ணாச்சி ஊசியைக் கொடுத்தார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். சுண்ணாம்புக் கோட்டுக்கு அப்பால் போய், கட்டைவிரல் கோட்டில் படாமல் நின்றார். சாளரத்திலிருந்து செல்லக்கனி அம்மையாரின் குரல் வந்தது: “இன்னும் நல்லாக் கெட்டச் சொல்லுட்டி.” அறைக்குள் முதலில் சிரித்தவர் அலுவலர் அம்மையார்தாம்.

ஒரு விசையை அழுத்துவதும், திரையில் எழுந்த எழுத்தைப் பார்ப்பதும், அந்த எழுத்துடைய மூடியைத் தேடி அங்கே பொருத்துவதுமாகக் குழந்தைகள் எல்லாவற்றையும் அதனதன் இடத்தில் சேர்த்தனர். பெரியவர்கள் எவரும் உதவவில்லை. உதவ எங்களுக்குத் தெரியாது என்பது வேறு.

அம்மையார் எழுந்தார். “மத்த ஸ்கூல்ல கொழந்தைகள் சொல்லிக் குடுத்ததை அழகா ஒப்பிக்கறது. ஒரு எழுத்து மாறி வந்தா அழறது. இதுகள் அழலை. கம்ப்யூட்டர் இங்கேயே இருக்கட்டும்.” பிறகு அண்ணாச்சியிடம் திரும்பினார். “நீங்க ஒண்ணு பண்ணணும். இந்தக் கவரையெல்லாம் எடுத்துண்டு போயிடுங்கோ.”

அண்ணாச்சிக்கு மகிழ்ச்சியும் துயரமும் ஒருசேர வந்தன. “ஒண்ணே ஒண்ணு மட்டும் இருக்கட்டுமேம்மா. பள்ளிக்கூடம் விட்ட பொறவு போடுததுக்கு.”

“நாடா இல்லாம இருந்தா சரி.”

தலைமையாசிரியை அப்போதுதான் கண்களைத் திறந்தார். செம்பு நிறைய இருந்த தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தார். கணக்காசிரியர் தம் வெறுங்கையால் ஒரு விசையை அழுத்திப் பார்த்தார். ஆங்கிலப் பள்ளிக்குப் போக நின்றவர்களில் ஒருவரும் போகவில்லை. அடுத்த சூனில் நான்காம் வகுப்பில் இருக்கை போதாமல் பாய் விரித்தோம். என் வாழ்நாளில் அன்று மாலை குடித்ததுபோல் சுவையான தேநீரை நான் குடித்ததில்லை.

பின்னாளில் பெற்றோரும் ஆசிரியரும் கூடிய அவைகளில் என்னைப் பேச அழைப்பார்கள். சின்னஞ்சிறு பிள்ளைகளுக்குக் கணிப்பொறியை எவ்வாறு பழக்குவது என்று கேட்பார்கள். நான் பயிற்சியில் கற்றதை ஒருநாளும் சொன்னதில்லை. அண்ணாச்சியின் ரெக்சினைத்தான் சொல்வேன். அதிலிருந்த வரிசை பிழை. ஆனால் அந்த ரெக்சின் உடையாது, தேயாது, அதன்மேல் எவ்வளவு ஓங்கி அடித்தாலும் ஒருவரும் கையெடு என்று சொல்லமாட்டார்கள். எதிரில் அமர்ந்து எழுத்துக் கூவத் தந்தையும் தாயும் இருந்தார்கள். அச்சம் என்பதை அவ்விரல்களுக்கு ஒருவரும் கற்பிக்கவில்லை. எல்லாரையும்விட மிகுதியாக அஞ்சிய ஒருவர்தாம் அதனைத் தைத்துக் கொடுத்தார்.

அகற்றப்பட்ட உறைகளை அண்ணாச்சி வீணாக்கவில்லை. அவற்றைப் பிரித்துப் பஞ்சடைத்து, முக்காலிக்கு எட்டாத குட்டிப் பிள்ளைகளுக்கு மெத்தைகள் தைத்தார். முதல் வகுப்புக் குழந்தைகள் அவற்றின்மேல் அமர்ந்து விசைகளை ஓங்கி அடிக்கும்போது, அவர் சாளரத்துக்கு வெளியே, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார். ஒவ்வோர் அடிக்கும் அவர் தோள் சற்றே துள்ளும். ஒருநாளும் உள்ளே வந்ததில்லை.

இந்நிகழ்ச்சிகளை நினைவிலிருந்தே எழுதியுள்ளேன். அந்நாளில் சாளரத்தில் நின்ற பெற்றோரோ, கோட்டைத் தாண்டிய குழந்தைகளோ இதனைப் படிக்க நேர்ந்து, பிழை ஏதேனும் கண்டால், இவ்விதழின் முகவரிக்கு எழுதித் திருத்த வேண்டுகிறேன். உங்கள் கடிதங்கள் பம்பாய் மழையில் நனையாமல் இருக்க என்னிடம் ரெக்சின் உறையொன்று உண்டு. நான் ஓய்வுபெற்ற அன்று அவர் தைத்துக் கொடுத்தது. அதில் நாடாக்கள் சற்று அதிகம். ஒவ்வொரு முறையும் எல்லாவற்றையும் அவிழ்த்து, எல்லாவற்றையும் திரும்பக் கட்டி வைப்பது என் வழக்கம். ஆதலால் விடை எழுதச் சிறிது காலம் தாழ்ந்தால் பொறுத்தருள்க.